தளம் ஒழுகினால் கொத்தனாரைப் பிடிக்காதீர்கள்

ஐப்பசி அடைமழையில் புது வீட்டின் கூரையில் ஓதம் பரவும்போது தமிழ்நாட்டில் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: ஆள் சரியில்லை. வீட்டுக்காரர் மேஸ்திரியைச் சொல்வார், மேஸ்திரி கொத்தனாரைச் சொல்வார், கொத்தனார் கலவை போட வந்த ஆட்களைச் சொல்வார். பொறியாளரும் சேர்ந்துகொள்வார், அந்தக் காலத்து ஆட்களுக்குத் தொழில் பக்தி இருந்தது, இப்போது கூலியை மட்டும் பார்க்கிறார்கள் என்பார். அண்மைக் காலமாக இதோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: வடமாநிலத் தொழிலாளர்கள் வந்த பிறகுதான் வேலை கெட்டது என்பது. டீக்கடை முதல் கட்டுமானத் துறைக் கூட்டங்கள் வரை பரவிக் கிடக்கும் இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. உழைப்பவர் மீது இது அநியாயமாகப் பழி போடுகிறது. அதைவிட முக்கியமாக, இந்தக் கருத்து நிலைத்திருக்கும் வரை தளங்கள் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். ஒரு தளத்தின் தரம், அதைப் போடும் ஆட்கள் சாரத்தில் கால் வைப்பதற்கு முன்பே, கூலி பேசிய விதத்திலும் ஒதுக்கிய நாட்களிலும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அப்படி முடிவு செய்தவர்களை யாரும் கேள்வி கேட்காமல் காப்பாற்றி வருவது ‘ஆள் சரியில்லை’ என்ற இந்தப் பேச்சுதான்.

தளம் போடுவது ஒரு குழுவின் வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நம் ஊர் நடைமுறையில் அது நான்கைந்து குழுக்களின் வேலை. முதலில் சென்ட்ரிங் ஆட்கள் வந்து முட்டுக் கொடுத்துப் பலகையோ தகரமோ அடிப்பார்கள். அவர்களுக்குச் சதுர அடிக் கணக்கு. அடுத்துக் கம்பி கட்டுபவர்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் எடைக் கணக்கு. பிறகு மின்வேலைக்காரர், கட்டி முடித்த கம்பியின் மேல் நடந்து குழாய் பதிப்பார். கான்கிரீட் போடும் நாளில், கலவை மெஷினும் லிப்டும் வைத்திருக்கும் தனிக் குழு ஒன்று காலையில் வந்து இறங்கும். அந்தத் தளம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை பேசியிருப்பார்கள், மாலையில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். சில மாதங்கள் கழித்துச் சுர்க்கி என்னும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையைப் போடவும் தட்டோடு பதிக்கவும் வேறு ஆட்கள் வருவார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதில்லை. தான் கட்டிய கம்பி எங்கே வெளியே தெரிந்தது, தான் கொட்டிய கான்கிரீட் எங்கே விரிந்தது என்று அவர்களுக்குக் காட்டுவாரும் இல்லை. சுவரும் உத்திரமும் வரும் இடங்களில் கம்பி தளத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இழுவிசை மேற்பக்கத்தில்தான் வருகிறது. குழாய் பதிப்பவரும் கலவை சுமப்பவரும் மிதித்து மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், தளத்தின் மேற்பரப்பில் அந்த வரிசையிலேயே விரிசல் விழும். மழைநீர் இறங்குவதற்கு அதைவிட வசதியான வழி இல்லை. இதைத் தடுக்க, கம்பிக்கு அடியில் நாற்காலிபோல் வளைத்த கம்பித் துண்டுகளை வைத்து, நடப்பதற்குப் பலகை போட்டால் போதும். அந்தப் பலகையைப் போடுவது யாருடைய வேலை? சென்ட்ரிங்காரர் கணக்கிலும் இல்லை, கம்பிக்காரர் கணக்கிலும் இல்லை, மெஷின்காரர் கணக்கிலும் இல்லை. யாருக்கும் கூலி பேசப்படாத அந்த வேலை நடக்காமல் போவதில் ஒழுக்கக்கேடு எங்கிருந்து வந்தது?

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சாதாரணச் சூழலில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குச் சிமெண்டின் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் சேரக் கூடாது என்கிறது ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. 50 கிலோ மூட்டைக்கு இது 27.5 லிட்டர். மணலில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் அதையும் இதில் கழிக்க வேண்டும். இந்த அளவில் கலந்த கான்கிரீட் இறுக்கமாக இருக்கும். தானாக ஓடிப் பரவாது. வைப்ரேட்டர் விட்டு, மட்டப்பலகை பிடித்து இழுத்து, பொறுமையாகத்தான் நிரப்ப வேண்டும். மூட்டைக்கு இன்னும் 5 லிட்டர் ஊற்றினால் அதே கலவை கஞ்சிபோல் ஓடும், இரண்டு மணி நேர வேலை மிச்சமாகும். விகிதமோ 0.65 ஆகிவிடும். 1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் ஏறத்தாழ 12 கன மீட்டர் கான்கிரீட்டும் சுமார் 95 மூட்டைச் சிமெண்டும் ஆகும். மூட்டைக்கு 5 லிட்டர் வீதம் ஏறத்தாழ 475 லிட்டர் தண்ணீர் வேண்டாமல் உள்ளே போகிறது. சிமெண்டு எடுத்துக்கொண்டது போக மீந்த தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. வலுவும் குறைகிறது, நீர் இறங்கவும் வழி ஏற்படுகிறது. துளை வழியாக ஈரமும் காற்றும் போய்க் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கீழே உள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். இவ்வளவும் நடப்பது மெஷின் அருகே நிற்பவர் வாளியைக் கொஞ்சம் கூடச் சாய்த்ததால். அவர் ஏன் சாய்த்தார்? மொத்தத் தொகைக்கு வந்தவர் அவர். மாலை 5 மணிக்கு முடித்தாலும் இரவு 8 மணிக்கு முடித்தாலும் பணம் ஒன்றுதான். மூன்று மணி நேரம் கூடுதலாக உழைத்துத் தரமாகப் போட்டால் அவருக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. தண்ணீர் அளக்க ஒரு அளவு வாளிகூட அந்த இடத்தில் இருப்பதில்லை. தண்ணீரைக் குறைத்துக்கொண்டே கலவையை இளக்கிக் கொடுக்கும் கலவைச் சேர்மானங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கித் தருவது வீட்டுக்காரர் அல்லது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. வேகத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீரில் நனைத்துப் பதப்படுத்தும் வேலையின் கதை இதைவிட மோசம். தளம் இறுகிய பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அல்லது சாக்கை விரித்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் என்பது அதே விதி. வெயிலும் வறட்சியும் உள்ள சூழலில் எந்தச் சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. கலப்புச் சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டிக்கவும் பரிந்துரைக்கிறது. இன்று வீடு கட்ட வாங்கும் மூட்டைகளில் பெரும்பாலானவை பிபிசி எனப்படும் கலப்புச் சிமெண்டுதான். சித்திரை வெயிலில் போட்ட தளத்துக்கு 10 நாள் என்பது குறைந்தபட்சம். நடைமுறையில் இதைச் செய்வது யார்? கான்கிரீட் குழு முந்தைய மாலையே போய்விட்டது. லேபர் கான்ட்ராக்ட் எடுத்த மேஸ்திரியோடு பேசும்போதே ‘தண்ணி விடறது உங்க பொறுப்பு’ என்று முடிவாகியிருக்கும். எனவே அந்த வேலை வீட்டுக்காரரின் வயதான தகப்பனாருக்கோ காவலுக்கு இருப்பவருக்கோ காலையும் மாலையும் குழாயைப் பிடிக்கும் சில்லறை வேலையாகப் போய்ச் சேரும். நண்பகலில் பாத்தி காய்ந்து கிடக்கும். தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் பத்து நாள் வேலைக்கு ஒரு ஆளும் இல்லை, ஒரு ரூபாய்க் கூலியும் இல்லை. பிறகு அந்தத் தளத்தில் மயிரிழை விரிசல்கள் தெரியும்போது, பத்து நாளும் அந்தப் பக்கமே வராத கொத்தனார் குற்றவாளி ஆகிறார்.

மேலே போடும் சுர்க்கிக்கும் இதுவே நிலை. பொதுப்பணித் துறையின் பழைய அளவு 32 பங்கு செங்கல் ஜல்லிக்குப் பன்னிரண்டரைப் பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் சேராது. அதை மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். மழைநீர்க் குழாயை நோக்கிப் போதிய வாட்டம் வேண்டும். இந்த வேலை நன்றாக முடிந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் கொண்டுபோக பிளம்பர் தட்டோட்டை உடைக்கிறார். சூரிய மின்தகடு வைக்க வருபவர் துளை போடுகிறார். கேபிள்காரர் கைப்பிடிச்சுவரின் அடியில் ஆணி அடிக்கிறார். தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலையில் நீர் தேங்காதபடி வளைவாகப் பூசிய பூச்சு இவற்றில் ஏதோ ஒன்றில் பெயர்ந்துபோகிறது. எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்று வரிசை போட்டுத் தருவது திட்டமிடுபவரின் கடமை. வரிசை போடாதவரை விட்டுவிட்டு ஓடு பதித்தவரைத் திட்டுகிறோம்.

அப்படியானால் அந்தக் காலத்துத் தளங்கள் மட்டும் எப்படி நின்றன என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. செட்டிநாட்டு வீடுகளிலும் சென்னையின் பழைய கட்டடங்களிலும் இன்றும் நிற்கும் மெட்ராஸ் டெரஸ் கூரையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாட்டத்தில் நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காய், வெல்லம் ஊறிய நீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். கட்டை பதியாமல் எம்பும் வரை அடிக்க வேண்டும் என்பது அளவு. அதற்குப் பல நாள் ஆகும். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. இது நாள் கூலியில் நடந்த வேலை. இன்னொரு நாள் அடிக்க வேண்டியிருந்தால் இன்னொரு நாள் கூலி கிடைத்தது. வேலை முடிந்ததா என்பதைக் கட்டை சொன்னது, நாட்காட்டி சொல்லவில்லை. ஆக, பழைய தளங்களின் புகழ் அவற்றைப் போட்டவர்களின் பக்திக்குச் சேருவதைவிட அவர்களுக்குக் கொடுத்த நேரத்துக்கே சேர வேண்டும். இன்னொன்று, நாம் பார்ப்பவை எஞ்சி நின்றவை. அன்று ஒழுகிய கூரைகளும், கறையான் அரித்து இறங்கிய விட்டங்களும் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றை மட்டும் வைத்து ஒரு தலைமுறையையே உத்தமர்கள் என்பதும் இன்றைய தலைமுறையைச் சோம்பேறிகள் என்பதும் தவறான கணக்கு.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றிய பேச்சுக்குப் பதில் நம் கண்முன்னே இருக்கிறது. சென்னை மெட்ரோ ரயிலின் நிலையங்களிலும் தூண்களிலும் கான்கிரீட் போட்ட கைகளில் பெரும் பகுதி பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவை. அங்கே ஒவ்வொரு வண்டிக் கலவையும் சோதிக்கப்படுகிறது, கனசதுர மாதிரி எடுத்து 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிறார்கள், மாதிரி தோற்றால் கேள்வி பொறியாளர் மேசைக்குப் போகிறது. அதே ஊர்க்காரர் புறநகர் வீட்டுத் தளத்துக்கு வந்தால் வேலை கெடுகிறது என்றால் மாறியது ஆளா, ஏற்பாடா? மறுபுறமும் பார்ப்போம். நம் ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் தமிழ்நாட்டிலேயே இருக்கும் மையங்களில் தொழில்திறன் தேர்வு எழுதித் தேற வேண்டியிருக்கிறது. அங்கே 1989 முதல் கான்குவாஸ் என்ற தர மதிப்பீட்டு முறை நடப்பில் உள்ளது. ஒரு வேலைக்கு மதிப்பெண் போட்ட பிறகு அதைத் திருத்திச் சரிசெய்தாலும் மதிப்பெண் மாறாது. முதல் தடவையே சரியாகச் செய்வதில்தான் கட்டுமான நிறுவனத்துக்கு ஆதாயம் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். சிங்கப்பூரைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. முகவர்களுக்குக் கொடுக்க வாங்கிய கடனும் 2020இல் கொரோனா பரவியபோது வெளிப்பட்ட விடுதி நெரிசலும் அந்த ஊரின் முகத்தில் உள்ள கறைகள். நான் சொல்வது ஒன்றே: இங்கே ‘சரியில்லாத ஆள்’ என்று பெயர் வாங்கிய நம்மூர்த் தொழிலாளி அங்கே உயரமான அடுக்குமாடிகளைத் தரத்தோடு கட்டிக் கொடுக்கிறார். கடலைத் தாண்டியதும் ஒருவருடைய குணம் மாறிவிடாது.

பொறுப்பில்லாத ஆட்களே இல்லையா என்று கேட்டால், இருக்கிறார்கள். குடித்துவிட்டு வருபவர் உண்டு, கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக் கையில் இருந்தும் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர் உண்டு. எந்தத் தொழிலிலும் பத்துப் பேரில் ஓரிருவர் அப்படி இருக்கத்தான் செய்வார்கள். அவர்களால் தமிழ்நாடு முழுக்க ஒரே மாதிரியான குறைகள் ஒரே மாதிரியான இடங்களில் வருவதை விளக்க முடியாது. குழாய் வாயில், கைப்பிடிச்சுவர் மூலை, குளியலறைக்கு இறக்கிப் போட்ட தளம் என்று கன்னியாகுமரியிலும் திருவள்ளூரிலும் ஒழுகுவது ஒரே இடங்களில்தான். தனிமனிதக் குறை என்றால் அது இடத்துக்கு இடம் வேறுபடும். எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வந்தால் அது முறையின் குறை. ‘மேற்பார்வையை இறுக்குவோம், கேமரா வைப்போம்’ என்பதும் இதற்குத் தீர்வாகாது. கான்கிரீட் மூடிய பிறகு உள்ளே கம்பி எங்கே கிடக்கிறது என்று எந்தக் கேமராவும் காட்டாது. அதை அந்த நேரத்தில் பார்க்கக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிதான். கலவையில் தண்ணீர் கூடிவிட்டது என்பதும் பலகை இல்லாமல் கம்பி மிதிபடுகிறது என்பதும் முதலில் தெரிவது சட்டி சுமக்கும் சித்தாளுக்கு. பல ஆண்டுகளாக மணல் சலித்து, கலவை பார்த்து, சாக்கு நனைத்து வரும் அந்தப் பெண்ணுக்கு வாய் திறக்கும் உரிமை இல்லை. எத்தனை ஆண்டு உழைத்தாலும் கொத்தனார் ஆகும் வழியும் பெரும்பாலும் அடைபட்டே கிடக்கிறது. நல்ல கண்களைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவற்றை மூடி வைத்திருக்கிறோம்.

மேலே பூசும் நீர்த்தடுப்பு ரசாயனங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவற்றில் நல்லவை இருக்கின்றன. ஆனால் வாட்டம் இல்லாத தளத்தில், ஈரம் காயாத பரப்பில், தூசி தட்டாமல் பூசினால் அவையும் உரிந்துபோகும். பூசுவதும் ஒரு வேலைதான். அதற்கும் நேரமும் கூலியும் வேண்டும்.

செலவு கூடும் என்ற மறுப்புதான் கடைசியில் எஞ்சும். கூடும்தான். கான்கிரீட் குழுவை நாள் கூலியில் வைத்தால் கூடும். பத்து நாள் தண்ணீர் நிறுத்த ஒரு ஆளை நியமித்தால் கூடும். தளத்தில் ஓடு பதிக்கும் முன் ஒரு நாளாவது முழுக்கத் தண்ணீர் தேக்கி, கீழே கசிகிறதா என்று சோதித்தால் ஒரு நாள் தள்ளும். ஆனால் வீட்டின் மொத்தச் செலவில் இது சிறு துண்டு. ஒழுகிய தளத்தை மறுபடி உடைத்துப் போடுவதோடும், துருப்பிடித்த கம்பியைச் சுரண்டிச் சரிசெய்வதோடும் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. இப்போது அந்தச் செலவு இல்லாமல் போகவில்லை. ஒப்பந்தக்காரரின் கணக்கிலிருந்து நீங்கி, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து வீட்டில் குடியிருப்பவரின் கணக்கில் ஏறுகிறது. சட்டமும் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்து 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறை தெரிந்தால், அதைச் சொன்ன 30 நாளுக்குள் கட்டணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டியவர் கட்டி விற்பவர் என்கிறது. கொத்தனார் என்று சொல்லவில்லை. தனி வீடு கட்டிக்கொள்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் மேஸ்திரியோடு போடும் ஒப்பந்தத் தாளில்தான் அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகவே இந்த ஆண்டு தளம் போடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கும் முன், தளம் போடும் நாளில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், பலகை யார் போடுவது, தண்ணீரை யார் அளப்பது, பத்து நாள் பாத்தியை யார் பார்ப்பது என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கூலி எழுதுங்கள். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை ஒரு வடகிழக்குப் பருவமழை கழியும் வரை நிறுத்தி வையுங்கள். தொழிலாளியின் கூலியை மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். அது சனிக்கிழமை மாலை அவர் கைக்குப் போக வேண்டும். அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. கட்டடத் தொழிலாளர் நலனுக்கென்று கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு வரி வசூலாகிறது. 1994 முதல் இங்கே தனி நல வாரியமும் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைத் தளவேலைப் பயிற்சிக்கும், சித்தாள் பெண்கள் கொத்தனாராகத் தேர்ச்சி பெறுவதற்கும் ஒதுக்குங்கள். பயிற்சி நாட்களுக்கும் கூலி கொடுங்கள். கூலி இழந்து பயிற்சிக்கு வர அவர்களில் யாராலும் முடியாது.